மணல்திட்டு மேல எங்க வீட்டுக்காரரு

...அதான் சொல்றேன், ஏணி இல்லாம இந்த சமையலறையில உப்பு டப்பாவைக்கூட எடுக்க முடியாது! இவ்ளோ உசரத்துல யாராவது அலமாரி அடிப்பாங்களா? அடிச்சாரே! எங்க வீட்டுக்காரரு அடிச்சாரே! வாங்க, உள்ள வாங்க தங்கச்சி. அந்தப் பெட்டியைத் தாண்டி வாங்க... பார்த்து, பார்த்து, அது கண்ணாடிச் சாமான். சாமான் பாதி கட்டியும் பாதி கட்டாமலும் கெடக்குது, வண்டி சாயங்காலம் வந்துடுமாம். பாவம், குடிவரப் போற வீட்டை ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தீங்க, நான் உங்களைப் பிடிச்சு வச்சுப் புலம்புறேன். உட்காருங்க. நாற்காலியெல்லாம் கட்டியாச்சு, இந்தப் பெட்டி மேலயே உட்காருங்க. உள்ள போர்வைதான், ஒண்ணும் ஆகாது.

நான் சிரிக்கிறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. காலையில இருந்து எனக்கு இப்படித்தான். திட்டிக்கிட்டே இருக்கேன், நடுவுல சிரிப்பு வந்துடுது, நிக்கவே மாட்டேங்குது.

அலமாரி ஏன் அவ்ளோ உசரத்துலன்னா... அவரு மலைக்காரரு. அவ்வளவுதான் விஷயம்! மலைக்காரங்களுக்கு எது மேல இருக்கோ அதுதான் பத்திரம். சினிமாவுக்குப் போனா கடைசி வரிசைதான். விசேஷ வீட்டுக்குப் போனா எல்லாரும் பந்தியில உட்கார்ந்திருப்பாங்க, இவரு மாடிப்படியில நின்னு கூட்டத்தை மேற்பார்வை பார்ப்பாரு. "மேல இருக்கிறவன் கீழ இருக்கிறவனைப் பார்க்கலாம், கீழ இருக்கிறவன் மேல இருக்கிறவனைப் பார்க்க முடியாது"ம்பாரு. ஏங்க, உப்பையும் புளியையும் எவன் வந்து தாக்கப் போறான்னு கேட்டா, இன்னொரு ஆணியை எடுத்து அடிப்பாரு.

இது ஏதோ எங்க வீட்டுப் பிரச்சினைன்னு நினைக்காதீங்க தங்கச்சி. நாட்டுப் பிரச்சினை! இந்த நாட்ல ராணுவம்னா மலைக்காரங்கதானே? எங்க வீட்டுக்காரரு அதுக்கே தளபதியா இருந்தவரு. அவங்க முப்பாட்டன் காலத்துல எவனோ ஒரு கணவாய் வழியா வந்து அடிச்சுட்டுப் போயிட்டான். போனவன் போயிட்டான், அவன் வம்சமே இருக்குதோ இல்லையோ! ஆனா இவங்க இன்னும் அந்தக் கணவாயையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. பீரங்கி வாங்கினா கழுதை மேல ஏத்துற பீரங்கிதான் வாங்குவாங்க. பயிற்சின்னா பனியில பயிற்சி. கடற்கரை எவ்ளோ நீளம் நமக்கு! அதுக்குக் காவல் என்னன்னா, நாலு ஓட்டைப் படகு, அதுக்குன்னு தனியா ஒரு தளபதி. அந்தத் தளபதியும் மலைக்காரரு. படகுல ஏறினா அவருக்குக் குமட்டும்னு கரையில இருந்தே கையைக் காட்டி ஓட்டுவாரு.

நானா? நான் கரைக்காரி. பேச்சுலயே தெரியலையா? எப்படி ஒரு மலைக்காரரைக் கட்டிக்கிட்டேன்னு கேட்காதீங்க, அது பெரிய கதை. ஒரு ரயில் நின்னுபோச்சு, அதுல ஆரம்பிச்சது... அது இருக்கட்டும்.

எங்கண்ணன் வெளியுறவு ஆபீஸ்ல பெரிய அதிகாரி. அந்த ஆபீஸ் முழுக்க எங்க கரைக்காரங்கதான். தலைமுறை தலைமுறையா நாலு துறைமுகத்துல யாவாரம் பண்ணினவங்க, நாலு பாஷை தெரியும்னு அங்க கொண்டு போய் உட்கார வச்சிருக்காங்க. எங்க ஆளுங்களைப் பத்தியும் ஒண்ணு சொல்றேன். எங்களுக்கு உலகத்துல எதிரின்னே ஒருத்தன் கிடையாது. இன்னிக்கு வாங்காதவன் நாளைக்கு வாங்குவான், அவ்வளவுதான்! யாருக்கும் இல்லைன்னு சொல்ல மாட்டோம், ஆமான்னும் சொல்ல மாட்டோம். எந்த நாட்டுக்காரன் என்ன கேட்டாலும் எங்கண்ணன் ஆபீஸ்ல இருந்து ஒரே பதில்தான் போகும்... "பார்க்கலாம்."

இந்த ரெண்டு பேரையும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரே மேசையில உட்கார வச்சு சோறு போட்டவ நான். என் நிலைமையை நினைச்சுப் பாருங்க!

அதோ, சாப்பாட்டு ரூம் சுவத்துல சதுரமா வெளுத்துக் கெடக்குது பாருங்க. அங்கதான் வரைபடம் மாட்டியிருந்தாரு. ராணுவ வரைபடம். மலையெல்லாம் அவ்ளோ அழகா இருக்கும், ஒவ்வொரு பாறைக்கும் பேர் போட்டிருக்கும். கடல் மட்டும் சும்மா நீலம். வெறும் நீலம்! இந்தக் கோடு ரோடு, இந்தப் புள்ளி ஊருன்னு ஓரத்துல ஒரு குறிப்புப் பெட்டி போடுவாங்களே, அந்தப் பெட்டியை எங்க போட்டிருந்தாங்க தெரியுமா? நமக்கு எதிர்ல இருக்கிற தீவு மேல! பாதித் தீவு பெட்டிக்கு அடியில! எங்க கரையில இருந்து பார்த்தா விளக்கு தெரியுற நாடு அது, எங்க பெரியம்மா வகையறா பாதிப் பேரு அங்கதான் இருக்காங்க. "ஏங்க, எங்க சொந்தக்காரங்க மேலயா பெட்டியைப் போட்டு மூடுவீங்க?"ன்னா, "அங்க ஒண்ணும் இல்லம்மா, தண்ணிதான்"னுட்டாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை எங்கண்ணன் சாப்பிட்டுக்கிட்டே பெருமை பேசுறாரு. "மாப்ளே, தீவுக்காரங்களுக்கும் நமக்கும் நடுவுல ஒரு மணல்திட்டு இருக்கே, அது யாருக்கும் சொந்தமில்ல. நாப்பது வருஷமா ரெண்டு நாடும் கடுதாசி போட்டுக்கிட்டே இருக்கோம். அவங்க கேப்பாங்க, நாங்க பார்க்கலாம்னு சொல்லுவோம். எவ்வளவு நல்லாப் போகுது பாருங்க!"

எங்க வீட்டுக்காரரு கையில எடுத்த கவளம் அப்படியே நின்னுச்சு.

"திட்டா? அப்போ... கடலை விட உசரமா அது?"

"பின்ன? உசரமா இல்லாமலா திட்டுன்னு பேரு வைப்பாங்க?"

அவ்வளவுதான் தங்கச்சி. நான் ரொட்டி எடுக்க உள்ள போயிட்டேன். திரும்பி வந்தா மனுஷன் நாற்காலி மேல ஏறி நின்னு வரைபடத்துல நீலத்தை விரலால தடவித் தடவிப் பார்த்துக்கிட்டு இருக்காரு. கடல் முழுக்க ஒரே ஒரு உசரம்! அதையும் நாப்பது வருஷமா யாரும் பிடிக்காம விட்டு வச்சிருக்காங்க! மலைக்காரருக்குத் தூக்கம் வருமா?

அடுத்த வாரம் பெட்டி கட்டினாரு. "எங்கங்க?"ன்னேன். "ஒரு மேட்டுக்கு"ன்னாரு. நான் என்னத்தைக் கண்டேன், மலைப் பக்கம் போறாருன்னு நினைச்சு ரெண்டு கம்பளிச் சட்டை எடுத்து வச்சு அனுப்பினேன். ரகசியமாம்! எங்கண்ணன் ஆபீசுக்குச் சொல்லலை. கரைக்காரன் ஒருத்தனைக் கூட கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டிருந்தா எங்க ஊர்ல நண்டு பிடிக்கிற பொடிசு சொல்லியிருக்கும். ஐயா, அந்தத் திட்டு காலையில இருக்கும், மத்தியானம் இருக்காது, தண்ணி ஏறிடும்னு! ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மாவா சொன்னாங்க?

நடந்ததெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, பாதி இவரு சொன்னாரு, பாதி கூடப் போன ராணுவ சமையல்காரரு வந்து சொன்னாரு. ஒரு நாப்பது பசங்க. எல்லாம் மலைப் பசங்க. காலையில படகு கொண்டு போய் இறக்கி விட்டுட்டுத் திரும்பிடுச்சு. நல்ல வெயில், வெள்ளை வெளேர்னு மணல், திட்டு பெரிய மைதானம் மாதிரி இருக்குதாம். கொடி நட்டாங்க. கூடாரம் அடிச்சாங்க. அப்புறம், கேளுங்க, பதுங்குகுழி வெட்டினாங்களாம்! மணல்திட்டுல! முழங்கால் ஆழம் வெட்டுறதுக்குள்ள குழியில தண்ணி. சமையல்காரரு ஓடி வந்து, "ஐயா, கீழ இருந்து தண்ணி வருது"ங்குறாரு. இவரு சொல்றாரு, "எதிரி என்னிக்கும் கீழ இருந்து வர மாட்டான், நீ போய் டீ போடு!"

ஐயோ... எனக்கு வயிறு வலிக்குது. இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

அப்புறம் அடுப்பு அணைஞ்சுது. கூடாரம் மிதந்துச்சு. "உசரத்துக்குப் போங்க!"ன்னு இவரு கத்தறாரு. போனாங்க. உச்சியில எல்லாரும் நெருக்கியடிச்சு நிக்கிறாங்க. அந்த உச்சி சின்னதாகுது, இன்னும் சின்னதாகுது. ரேடியோவுல தண்ணி புகுந்து செத்துப்போச்சு. முழங்கால் வரைக்கும் தண்ணி... இடுப்பு வரைக்கும் தண்ணி...

சிரிச்சுக்கிட்டே சொல்றேனே ஒழிய, அந்தப் பசங்கள்ல ஒருத்தனுக்கும் நீச்சல் தெரியாது தங்கச்சி. இவருக்கும் தெரியாது.

அந்த நேரத்துல தீவுப் பக்கம் இருந்து படகுங்க வருது. பத்துப் பன்னெண்டு படகு, வேகமா, நேரா இவங்களைப் பார்த்து. இவரு என்ன நினைப்பாரு? மலைக்காரரு மண்டையில என்ன ஓடும்? தாக்க வர்றாங்க! பசங்க எல்லாரும் துப்பாக்கியைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்காங்க. இவரு சுடுன்னு சொல்றதுக்குக் கையைத் தூக்கிட்டாரு. தூக்கிட்டாரும்மா! அந்தக் கை இறங்கியிருந்தா, இன்னிக்கு நீங்களும் நானும் இப்படிப் பெட்டி மேல உட்கார்ந்து பேசிக்கிட்டு இருப்போமா?

அப்போ முதல் படகுல இருந்து ஒரு பொம்பளைக் குரல்.

"அட மரமண்டைங்களா! தண்ணி ஏறுற நேரத்துல இங்க என்னடா புடுங்குறீங்க? உங்க வீட்ல பொம்பளைங்க யாரும் சொல்லி அனுப்பலையா?"

எங்க பேச்சு! அச்சு அசல் எங்க கரைப் பேச்சு. தீவுலயும் அதே பேச்சுதானே. பாஷைக்கு நடுவுல எவன் கோடு போட முடியும்? எங்க வீட்டுக்காரருக்கு இத்தனை வருஷம் என்கூட குடும்பம் நடத்தியும் எங்க பேச்சுல பாதி புரியாது. ஆனா திட்டு மட்டும் நல்லாப் புரியும். மரமண்டைங்கறதை தினம் கேட்குற மனுஷன்! அப்புறம் என்கிட்ட சொன்னாரு, "ஒரு நிமிஷம் நீதான் வந்துட்டேன்னு நினைச்சேன்டி. தூக்கின கை அப்படியே நின்னுடுச்சு. யாரும் சுடாதீங்கடான்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியலை."

அந்தப் படகுக்காரம்மா இருக்காங்களே, ராணுவத்துக்கே உத்தரவு போட்டாங்களாம்! "துப்பாக்கியை மீன்கூடையில போடு. பூட்ஸைக் கழட்டு. ஒவ்வொருத்தனா ஏறு, ஒரே பக்கமா ஏறினா கவுந்துடும். அதோ அழுறான் பாரு, அவனை முதல்ல தூக்கு." நம்ம கொடியைப் பார்த்து, "அந்தக் கம்பையும் பிடுங்கிக்க, விட்டுட்டுப் போனா எங்க வலை கிழியும்"னாங்களாம். ஜெனரல்! நம்ம நாட்டு ஜெனரல்! கொடியைப் பிடுங்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டுக் கடைசியா ஏறினாரு. அவங்க வீட்ல கொண்டு போய் நாப்பது பேருக்கும் சூடா சூப்பு குடுத்து, காஞ்ச துணி குடுத்து, மறுநாள் கொண்டு வந்து நம்ம துறைமுகத்துல இறக்கி விட்டாங்க. இவரு வந்து இறங்கின கோலம்... பூப்போட்ட சட்டை! மீன் வாடை! காலுல செருப்புகூட இல்ல!

கதை இதோட முடிஞ்சிருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும். முடிய விடுவாங்களா?

அன்னிக்கே எங்க சின்ன மாமனாரு, அதான் இவரோட சித்தப்பா, ராணுவ மந்திரி, தெரியும்ல, இந்த வீட்டுக்கு வந்துட்டாரு. கூடவே எங்கண்ணன். இதே சாப்பாட்டு ரூம்தான். சித்தப்பா சொல்றாரு, "உன்னைக் கடத்திட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லு. மலைக்காரன் தண்ணியில முழுகினான்னு வெளிய தெரிஞ்சா நம்ம ஜனம் தலை நிமிர முடியுமா? மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்." பார்த்துக்கறேன்னா என்ன அர்த்தம்? சண்டை! குப்புற விழுந்தாலும் மீசையில மண் ஒட்டக்கூடாது, அதுக்காக ஒரு யுத்தம்!

எங்கண்ணன் மட்டும் லேசுப்பட்டவரா? நமுட்டுச் சிரிப்பு சிரிச்சுக்கிட்டே ஒரு நன்றிக் கடுதாசி எழுதிக்கிட்டு வந்திருந்தாரு. அதுல குழி வெட்டினது, டீ போடச் சொன்னது, ஒண்ணு விடாம இருக்குது. மலைக்காரங்க மானத்தைத் தீவு வரைக்கும் கப்பலேத்தணும்னு அவருக்கு ஆசை. எனக்கு வந்துச்சே கோவம்! "அண்ணே, நாப்பது பசங்க சாகப் பார்த்தாங்க, உங்களுக்குச் சிரிப்பா? அந்தத் திட்டு தண்ணியில முழுகும்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அன்னிக்கு ஏன் சொல்லலை?" அண்ணன் முழிக்கிறாரு. "அதுகூடவா தெரியாதுன்னு நான் நினைச்சேன்?" அதான்! கரைக்காரங்க நாங்களும் அப்படித்தான். எங்களுக்குத் தெரிஞ்சது ஊருக்கே தெரியும்னு நினைப்பு.

எங்க வீட்டுக்காரரு அதுவரைக்கும் எங்க உட்கார்ந்திருந்தாரு தெரியுமா? தரையில. எந்த வீட்லயும் உசந்த நாற்காலியைத் தேடுற மனுஷன், சுவத்துல சாஞ்சு தரையில உட்கார்ந்திருக்காரு, அந்தப் பூப்போட்ட சட்டையோடயே. மெதுவாத்தான் சொன்னாரு.

"சித்தப்பா, தண்ணி இடுப்புக்கு வந்தப்போ அந்தப் பசங்க அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்துக்கிட்டு நின்னாங்க. இப்போ நான் சொல்றதையும் நம்புவாங்க. கடத்தினாங்கன்னு சொன்னா, அடுத்த தடவை அந்தம்மா படகு வந்தா சுடுவாங்க. நான் முழுகிட்டேன். அவங்க தூக்கிவிட்டாங்க. மந்திரிசபையிலயும் இதைத்தான் சொல்லுவேன்."

சொன்னாரு தங்கச்சி! எழுந்து நின்னு, எல்லா மந்திரிங்க முன்னாடியும் சொன்னாரு. சித்தப்பாவோட இன்னிவரைக்கும் பேச்சு வார்த்தை இல்ல. எங்கண்ணன் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுட்டு, "காப்பாத்தினதுக்கு நன்றி"ன்னு ஒரே வரி எழுதி அனுப்பினாரு. தீவுக்காரங்ககிட்ட இருந்தும் ஒரு வரி வந்துச்சு: "அடுத்த தடவை சொல்லிட்டு வாங்க."

அப்புறம் என்ன, தளபதி பதவி போச்சு. தண்டனையா ஒரு வேலை குடுத்தாங்க. என்ன வேலை? தீவுக்குத் தூதர்! ஹ ஹ ஹா... தண்டனையாம்! எனக்கு! பொறந்ததுல இருந்து உப்புக் காத்துல வளர்ந்தவ, இத்தனை வருஷமா இந்த ஊர்ல மூக்கு காஞ்சு கெடந்தேன். பெரியம்மா மக ஃபோன் மேல ஃபோன் போடுறா, எந்த ரூம் வேணும், கடலைப் பார்த்த ரூமா, படகுத்துறையைப் பார்த்த ரூமான்னு. அதான் காலையில இருந்து எனக்குக் கால் தரையில நிக்க மாட்டேங்குது!

அந்தச் சத்தமா? மேல தொம்மு தொம்முன்னு கேட்குதே, அதுவா? பயப்படாதீங்க, அவருதான். கட்டில்ல குப்புறப் படுத்துக்கிட்டுக் கையையும் காலையும் அடிச்சுக்கிட்டு இருக்காரு. நீச்சல் பழகுறாராம்! கட்டில் வேற சர்க்காருது, உடைஞ்சா உங்களுக்குத்தான் கஷ்டம்.

இப்போ உங்க வீட்டுக்காரரு வர்றாரு. முதல் தடவையா ஒரு சமவெளிக்காரரு ராணுவத் தளபதி. நல்லதுதான்... ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காதீங்க. சமவெளிக்காரங்களுக்கு ஆறுதான் எல்லாம். ஆத்துக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்காரன் மதகைத் திறந்து விட்டு நம்மளை முழுகடிச்சுடுவான்னு பொறந்ததுல இருந்தே பயம். உங்க வீட்டுக்காரரு ஜன்னலுக்கு வெளிய நிக்கிறாரு பாருங்க, ரெண்டு அதிகாரிங்களை வச்சுக்கிட்டு, வெள்ளம் வந்தா எவ்ளோ ஏறும்னு வாசலையே டேப் போட்டு அளக்குறாரு. நாளைக்கு ராணுவம் முழுக்க மலையை விட்டுட்டு ஆத்தைப் பார்த்துத் திரும்பி நிக்கும். கழுதையெல்லாம் வித்துட்டுப் படகு வாங்குவாங்க! எங்கண்ணன் சொன்னாரு, ஆத்துப் பாலத்தை வெடி வச்சு உடைச்சுடலாம்னு உங்க வீட்டுக்காரரு இப்பவே எழுதிக் குடுத்திருக்காராமே? அந்தக் கரையில யாரு இருக்காங்க, என்ன பண்றாங்கன்னு ஒரு வார்த்தை விசாரிச்சாரா? அதுவும் வரைபடத்துல வெறும் வெள்ளையாத்தான்...

ஏன் தங்கச்சி? ஏன் எழுந்துட்டீங்க? முகமெல்லாம் ஒரு மாதிரி...

என்னது?

உங்க அம்மா வீடா? பாலத்துக்கு அந்தப் பக்கமா? அப்போ நீங்க... அங்க பொறந்து இங்க வாக்கப்பட்டு வந்தவங்களா? அட கடவுளே, இவ்ளோ நேரம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலையே! அவருக்குத் தெரியும்ல? மாமியார் வீடு எங்க இருக்குன்னு தெரியாமலா... தெரியுமா? தெரிஞ்சுமா பாலத்தை... உங்ககிட்ட சொல்லவே இல்லையா? இப்பத்தான், நான் சொல்லித்தான்...

இருங்க, ஒரு வாய் தண்ணி... தங்கச்சி! பெட்டியைப் பார்த்து... அது கண்ணாடிச்... போச்சு! பரவால்ல, போகட்டும், நீங்க போங்க, போங்க!

ஏங்க! ஏங்க, நீச்சல் அடிச்சது போதும், கீழ இறங்கி வாங்க! சீக்கிரம்! இங்க ஜன்னல்கிட்ட வாங்க. அங்க பாருங்க, வாசல்ல... புது ஜெனரலு சம்சாரம். வாயே இல்லாத பொண்ணுன்னு நினைச்சேங்க! ஒரு மணி நேரமா உம்முன்னு உட்கார்ந்திருந்துச்சு. இப்போ பாருங்க, விரலை நீட்டி நீட்டி... யப்பா! அந்த ரெண்டு அதிகாரிங்க டேப்பைச் சுருட்டிக்கிட்டுக் காருக்குப் பின்னாடி ஒளிஞ்சுட்டாங்க. என்ன பேசுதுன்னு கேட்குதா? எனக்கும் கேட்கலை, ஜன்னலைத் திறங்க, திறங்க...

ஐயோ, பாருங்க! ஜெனரலே தொப்பியைக் கழட்டிட்டாரு!